அப்பா வேலை செய்த ஆலைக்கு ஒரு பைல் சிஸ்டம்

ஃப்ளாப்பி டிரைவ் சுற்றத் தொடங்கும்போது முதலில் ஒரு முனகல் வரும். அப்புறம் கர்ர்ர்... டக். அந்த 'டக்' வரும்வரை என் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும்.

எண்பதுகளின் கடைசி. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில், ஒரு கடைவீட்டு மாடியில் சின்ன கம்பெனி. முதலாளி ஒரு சீனர், அப்புறம் நான், இன்னும் இரண்டு பேர். ஆலைகளுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்து கொடுப்போம். நான் தோட்டத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள்.

அந்த வருஷம் கிடைத்த ஆர்டர், கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அங்கேதான் அப்பா வேலை செய்துகொண்டிருந்தார்.

செம்பனைக் குலைகளைச் சின்ன வண்டிகளில் ஏற்றி நீளமான இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவை அடைத்து, ஆவியில் வேகவைப்பார்கள். கதவைத் திறந்து மூடுவது அப்பா. ஆவி வால்வைத் திறந்து மூடுவது இனி எங்கள் பெட்டி.

பெட்டிக்குள் ஓடியது ஒரு ரியல்-டைம் ஆபரேட்டிங் சிஸ்டம். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்குள் முடித்துவிடும். ஆனால் பைல் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஆலை மேனேஜருக்கோ ஒவ்வொரு வேக்காட்டின் ப்ரெஷரும் பைலில் பதிவாக வேண்டும். அதனால் பைல் சிஸ்டத்தை நாங்களே எழுத வேண்டியதாயிற்று. இன்று ஃப்ளாப்பி, நாளை வேறு ஏதாவது வந்தால் கீழே மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மேலே ஓடும் ப்ரோக்ராமைத் தொட வேண்டாம் என்கிற மாதிரி ஓர் அமைப்பு. அது என் தலையில் விழுந்தது.

எழுதினேன், ஓடியது. வால்வுக்குப் பதிலாக மேசையில் ஒரு பல்பை மாட்டி டெஸ்ட் செய்தேன்.

அணைய வேண்டிய நேரத்தில் பல்பு அணையவில்லை.
கர்ர்ர்... டக்.
அப்புறம்தான் அணைந்தது.

வால்வை மூட வேண்டிய ப்ரோக்ராம், பதிவு எழுதி முடியட்டும் என்று ஃப்ளாப்பிக்காகக் காத்து நிற்கிறது. மேசையில் அது வெறும் பல்பு. ஆலையில் ப்ரெஷர் ஏறும், பாதுகாப்பு வால்விலிருந்து ஆவி பீறிடும். அதற்குப் பக்கத்தில்தான் அப்பா நிற்பார்.

முதலாளியிடம் சொன்னேன். சின்ன டிலேதானே, பாதுகாப்பு வால்வு எதற்கு இருக்கிறது, சனிக்கிழமை ஆலையில் ட்ரையல் என்று வாக்குக் கொடுத்தாயிற்று என்றார்.

அன்று பஸ்ஸில் சீட் கிடைத்தும் என்னால் உட்கார முடியவில்லை. தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"ப்பா, சனிக்கிழம லீவு போட்டுருங்க."

"எதுக்கு?"

"ட்ரையல் ஓட்டுறாங்க. அன்னைக்கு நீங்க வேணாம்."

"நான் இல்லேன்னா கதவுகிட்ட யாரு நிப்பா?"

"வேற யாராச்சும்."

அப்பா துண்டைக் கொடியில் போட்டார். "வேற யாருன்னா மாரிமுத்துதான். போன மாசந்தான் அவனுக்குப் பிள்ள பொறந்துச்சு."

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அவன் நிக்கலாம்னா நானே நிக்குறேன் பாப்பா. நான் நிக்கக் கூடாதுன்னா அவனும் நிக்க வேணாம்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். பெட்டியை அனுப்ப வேண்டாம், அந்தக் கதவைத் திறக்கிறவர் என் அப்பா என்றேன். அவருக்கு அது அதுவரை தெரியாது. சிகரெட்டை அணைத்தார். மேனேஜருக்குப் போன் போட்டார். திட்டு வாங்கியது அவர்தான்... ட்ரையல் தள்ளிப்போனது.

அதற்கப்புறம் நான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கீழே கோப்பிக் கடைக்குப் போவேன், பாதிக் குடித்துவிட்டு மறுபடியும் மாடி ஏறுவேன். எழுதியதில் பாதியை அழித்தேன். வால்வைப் பார்த்துக்கொள்ளும் ப்ரோக்ராம் இனி ஃப்ளாப்பியைத் தொடவே தொடாது. சொல்ல வேண்டியதை மெமரியில் போட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடும். வேறொரு ப்ரோக்ராம், நேரம் கிடைக்கும்போது அதை எடுத்து ஃப்ளாப்பியில் எழுதும். ஃப்ளாப்பி கெட்டால் பதிவு போகும், அவ்வளவுதான்.

பதிவு போகக் கூடாது என்றார் மேனேஜர். போனால் போகட்டும் என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது நான்தானா என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

ட்ரையல் அன்று, உள்ளே ஆவி ஏறிக்கொண்டிருக்கும்போதே டிரைவிலிருந்து ஃப்ளாப்பியை உருவினேன். மேனேஜர் பதறிப்போனார். திரையில் எரர் வந்து நின்றது. நான் வால்வையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வால்வு தன் நேரத்துக்கு மூடியது.

உள்ளே இருந்த ஆவி முழுக்க வெளியேறியதும் அப்பா ப்ரெஷர் கேஜைப் பார்த்தார், கதவைத் திறந்தார், அடுத்த வண்டியைத் தள்ளச் சொல்லிக் கை காட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் கேட்டேன். "எப்படிப்பா இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான் லா."

இப்போது என் மகள் கோலாலம்பூரில் சாஃப்ட்வேர் வேலை செய்கிறாள். போன வாரம் சாப்பிடும்போது சொன்னாள், "இன்னைக்கு ரிலீஸ் மா. ஏதாச்சும் புட்டுக்கிச்சுன்னா நாளைக்கு சரி பண்ணிக்கலாம்."

யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டேன். எத்தனையோ பேர், யாரென்று எப்படித் தெரியும் என்று சிரித்தாள்.

நல்லதுதான். நிம்மதியாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான் அந்த மாதங்களில் இரண்டுமே சரியாகச் செய்ததில்லை.

அவளுக்குக் கொஞ்சமாவது அந்தப் படபடப்பு இருந்தால் தேவலை என்று சில நாள் தோன்றுகிறது... சில நாள், வேண்டவே வேண்டாம் என்றும்.