கண்ணூறு கழித்த கார்

கார் வாங்கின மூன்றாம் கிழமை அதன் இடது கண் திறக்க மறுத்தது. பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, நிலத்தோடு ஒட்டின உடம்பு. முன் விளக்குகள் பகலில் மூக்குக்குள் படுத்திருக்கும், சுவிட்சைப் போட்டால் எழும்பி நிற்கும். அன்று வலது எழும்பியது, இடது அசையவில்லை. விசுவமடுச் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். "அண்ணை, உங்கட கார் பெட்டையளுக்குக் கண்ணடிக்குது" என்றான் ஒருவன். அன்று ஏறின கோபம் மாதக் கணக்கில் இறங்கவில்லை.

யாரோ ஒரு தரகனிடம் வாங்கியிருந்தால் நாலு தூசணத்தோடு விட்டிருப்பேன். விற்றது என் அத்தான், அக்காவின் புருஷன். நெளுக்குளத்தில் வீட்டு மாமரத்துக்குக் கீழே துணி போர்த்தி வைத்து, ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வெளியே எடுத்த கார் அது. அவர் மகள், என் மருமகள், வளர்ந்துவிட்டாள், பின்னால் மடங்கி இருக்கக் கஷ்டப்படுகிறாள் என்றுதான் விற்றார். எனக்குக் கலியாணம் ஆகவில்லை, இரண்டு கதவு தாராளம். கார்த் திறப்பைத் தரும்போது ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"தம்பி, முன்பக்கத்துக்குத் தண்ணி அடிச்சுக் கழுவாதை. விளக்கு மோட்டருக்குள்ள போயிடும். துணியை நனைச்சுத் துடை, காணும்."

நான் துடைத்தேன். ஒரு நாளாவது வாளித் தண்ணீர் ஊற்றினவன் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம். சொன்னபடி நடந்தவனுக்கு இப்படியா?

இடது கண்ணோடு மற்றதுகளும் சேர்ந்து கொண்டன. சாரதிப் பக்கக் கண்ணாடி மழை நாளாகப் பார்த்துப் பாதியில் நின்றது. டிக்கிக்குள் தண்ணீர் ஒழுகியது. இடப்பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அடித்தது. செத்தவீட்டுக்கு முன்னாலும் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் நான் அத்தானுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "பழசுதானே தம்பி, பாப்பம்" என்பார். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திருப்பிக் கத்தினால் எனக்கு ஆறியிருக்கும்.

ஒரு ஞாயிறு அவர் ஸ்குரூ டிரைவரோடு பஸ் ஏறி விசுவமடுவுக்கே வந்தார். நான் உரம் விற்கிற பசளைக் கடை வாசலில் வெயிலுக்குள் குந்தியிருந்து கண்ணாடியையும் ஹோர்னையும் சரிப்படுத்தினார். இடது கண்ணுக்கு மூக்கைக் கழற்ற வேண்டும், அது கராஜ் வேலை என்றார். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்றுகூட நான் கேட்கவில்லை. அவர் கையைத் துடைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

ஊரின் கண்தான் காரில் படுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வாங்கின அன்று சில்லுக்குத் தேசிக்காய் வைத்து ஏற்றி, முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டுத்தான் கொண்டு வந்தேன். அது போதாது என்று வாங்கின முதல் வெள்ளி தொடங்கி வெள்ளிக்கு வெள்ளி கடை பூட்டினதும் தேங்காயில் கற்பூரம் கொளுத்திக் காரை மூன்று தரம் சுற்றி, மூக்குக்கு நேரே கல்லைப் போட்டுத் தேங்காயை அதில் அடிப்பேன். அத்தான்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த அடியில் இருக்கும். தேங்காய் தூள் தூளாகச் சிதறும். சிதறினால்தான் கண்ணூறு போகும்.

அப்போதுதான் மருமகள் பெரியபிள்ளை ஆனாள். அக்கா போன் எடுத்தா. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வார்ப்பு, காலமை பத்தேமுக்காலுக்குள் நல்ல நேரம். தாய்மாமன் தேங்காய் உடைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

"உன்ர மனுசன் எனக்குக் குருட்டுக் காரைத் தலையில கட்டினவர்" என்றேன். "அவரையே தேங்காய் உடைக்கச் சொல்லு. நான் வரேல்லை."

அக்கா, "பிள்ளை மாமா எப்ப வருவார் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்கு இதைச் சொல்ல மாட்டன்" என்று வைத்துவிட்டா.

ஞாயிறு காலை வீட்டில் இருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் கிளிநொச்சியில் இருக்கிறார். அவரைக் கெஞ்சிக் கராஜைத் திறக்கப் பண்ணினேன். மூக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் பழைய துருவைப் படம் எடுத்து, சடங்கு நடக்கிற நேரமே அத்தானின் போனுக்கு அனுப்ப வேண்டும். இதுதான் என் திட்டம். எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் திட்டம்.

மெக்கானிக் மூக்கைக் கழற்றினார். துரு இல்லை. உள்ளே எறும்பு. மோட்டர், வயர், இணைப்பு எல்லாவற்றிலும் சிவப்பாக மொய்த்திருந்தது. அவர் விரலை விட்டு ஒரு சிரட்டைத் துண்டை எடுத்தார். பிறகு இன்னொன்று. விளக்கைத் தூக்குகிற கம்பிக்கு இடையில் ஒரு பெரிய துண்டு இறுகியிருந்தது. சுற்றிவரத் தேங்காய்ச் சொட்டுத் துண்டுகள் காய்ந்து கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தன.

"அண்ணை, காருக்கு முன்னால தேங்காய் உடைக்கிறனீங்களோ?"

"வெள்ளிக்கிழமையில."

"கிட்டவோ?"

வாளித் தண்ணீர் ஊற்றாதவன் கிழமைக்கு ஒரு தேங்காய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. அந்தச் சிரட்டையை வாங்கிச் சுவரில் எறிந்தேன். கோபத்தைக் காட்ட அந்தக் கராஜில் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

துடைத்துப் பூட்டி முடிக்க ஒன்பதேமுக்கால் தாண்டிவிட்டது. சுவிட்சைப் போட்டேன், இரண்டு கண்ணும் எழும்பின. கையைக்கூடக் கழுவாமல் வவுனியாப் பக்கம் திருப்பினேன். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கிற இடத்தில் நான் நிற்கவில்லை. பிள்ளையாரைப் பார்க்கிற முகம் இருக்கவில்லை. மாங்குளம் தாண்டும்போது பத்தரை.

நெளுக்குளத்தில் பந்தல் போட்டிருந்த வாசலில் நிறுத்தும்போது பதினொன்றரை. முற்றத்தில் பலகை ஈரமாகக் கிடந்தது. அக்கா என்னைக் கண்டதும் குசினிக்குள் போய்விட்டா. நல்ல நேரம் முடியும்வரை பிள்ளையைப் பலகையில் இருத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாவாம். அயலில் ஒரு மாமன் முறைக்காரர் நான் உடைக்கிறேன் என்று எழும்ப, அத்தான் விடவில்லையாம். "அது அவன்ர இடம். அவன் வராட்டில் நான் செய்யிறன், வேற ஆள் வேண்டாம்" என்றாராம். தகப்பன் உடைக்கிறதோ என்று சனம் முணுமுணுத்ததாம்.

அத்தான் காரடிக்கு வந்து முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். என் கறுத்த கையையும் பார்த்தார்.

"கண் திறக்குதோ, தம்பி?"

"ஓம்."

எறும்பு, சிரட்டை, வெள்ளிக்கிழமை ஒன்றையும் சொல்லாமல் கையைப் பின்னால் மறைத்தேன். "அப்ப சரி. வா, சாப்பிடு" என்று அவர் உள்ளே போனார்.

மருமகள் அரைத்தாவணியோடு கதிரையில் இருந்தாள். தலைமயிர் இன்னும் காயவில்லை. என்னைக் கண்டதும் கோபிக்கக்கூட இல்லை. பக்கத்தில் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"மாமா, அப்பாவுக்குத் தேங்காய் உடைக்கத் தெரியேல்லை. மூண்டு தரம் அடிச்சவர்."