சனிக்கிழமை சைக்கிள் வராத வீடு

என் சபையாரே, இந்தச் சாட்சியை நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறீர்கள். உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கு மூன்று கிழமைக்குப் பிறகு, பலிபீடத்துக்கு முன்னால் நின்று, ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். முன் வாங்கில் இருந்த சிலர் அழுததையும் கண்டேன். அன்றைக்கு நான் சொன்னது பாதி. மற்றப் பாதியைச் சபை மடலில் எழுதித் தருகிறேன். வாசித்து முடிக்கும்போது யாருக்கும் கைதட்ட மனம் வராது. அது நல்லது.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மாலை ஐந்து மணி இருக்கும். ஆஸ்பத்திரி விறாந்தையில் நான் நிற்கிறேன். என் சேட்டெல்லாம் பாசியும் சேறும். உள்ளே பத்மா அன்ரி. ஒரு இளம் பெண் வைத்தியர் வெளியே வந்தார்.

"ரெண்டு நாள் விழுந்த இடத்திலையே கிடந்திருக்கிறா. இடுப்பெலும்பைப் பிறகு பாப்பம். சிறுநீரகம்தான் பயமாக் கிடக்கு. நீங்கள் மகனோ?"

"இல்லை. நான் சபை."

"சபையெண்டால்?"

"எங்கடை சேர்ச் ஆள்."

"சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ? அப்ப ஆர் கையெழுத்து வைக்கிறது?"

நான் வைத்தேன். உறவு என்ற இடத்தில் 'சகோதரன்' என்று எழுதினேன். அதை எழுதியது அன்பினால் அல்ல. பயத்தினால்.

பத்மா அன்ரியை உங்களில் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வயது ஐம்பத்தாறு. தையல் வேலை. நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் இறந்த பிறகு எங்கள் சபையில் திருமுழுக்குப் பெற்றார். அன்றிலிருந்து அவருடைய அண்ணன்மார் இரண்டு பேரும் கொக்குவிலில் அவர் வீட்டுப் படலையைத் திறந்ததில்லை. பிள்ளைகள் இல்லை. இரண்டு பக்கத்து வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன, ஆட்கள் கனடாவில். சுற்றிவரச் சுவர். பின்னால் றெயில் பாதை. அவருக்கு ஆட்கள் என்றால் நாங்கள்தான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நற்கருணை எடுக்க விரும்புகிறவர் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் கோயிலுக்கு வந்து உபதேசியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். உபதேசியார் யோசுவா அண்ணை பெரிய கொப்பியில் பெயரை எழுதுவார். எத்தனை பெயரோ அத்தனை அப்பம் எண்ணி வைப்பார். பெயர் கொடுக்க வந்தவர்கள் உடனே போகமாட்டார்கள். பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுவார்கள், வாங்குகளைத் துடைப்பார்கள், ஆருக்குக் காய்ச்சல், ஆருக்கு ஆரோடு கோபம் என்று கதைப்பார்கள். ஆறு மணிக்கு யோசுவா அண்ணை கொப்பியை மூடுவார். வழக்கமாக வருகிறவர்களில் யார் பெயர் இல்லையோ அவர் வீட்டுக்குச் சைக்கிளில் போய்ப் படலையில் நின்று மணி அடிப்பார்.

எனக்கு இது வீண்வேலையாகப் பட்டது. நான் கணினி படிக்கிறவன். வாலிபர் சங்கச் செயலாளர். செவ்வாய் தாய்மார் கூட்டம், புதன் வீட்டு ஜெபம், வெள்ளி உபவாசம், ஞாயிறு பள்ளி என்று கிழமை முழுக்க ஓடித் திரிந்தவன். எதைப் பார்த்தாலும் அதை இன்னும் வேகமாகச் செய்யலாம் என்றுதான் என் மூளை ஓடும். யோசுவா அண்ணைக்கு முழங்காலும் வருத்தம். போதகர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். ஐயா யோசித்தார். "செய்து பாரும்" என்றார்.

சபைக்கு வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினேன். எல்லோருடைய பெயரையும் நிரந்தரமாகப் பட்டியலில் போட்டேன். வர முடியாதவர் மட்டும் சனிக்கிழமை ஆறு மணிக்கு முன் ஒரு செய்தி போட்டால் போதும். செய்தி இல்லையென்றால் வருகிறார் என்று அர்த்தம். பார்த்தீர்களா? முன்பு வந்து வாய்திறந்து சொன்னவரின் பெயரைத்தான் எழுதினோம். என் முறையில், ஒரு சத்தமும் இல்லாதவர் சுகமாக இருக்கிறார் என்று எழுதினேன். அதில் உள்ள பிழை அப்போது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை. ஆனால் செய்தவன் நான்.

யோசுவா அண்ணை சிரித்தார். "எனக்கும் சைக்கிளுக்கும் பென்சன் தந்திட்டீர் தம்பி" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பத்மா அன்ரிக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கிழமை புதன், வீட்டு ஜெபம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது எல்லோருக்கும் முன்னால் கேட்டார்:

"ஏன் தம்பி, கம்பசிலை உங்களுக்கு ஒரு இடத்துக்கும் போகாமல் இருக்கிறதுக்கோ படிப்பிக்கினம்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லை அன்ரி, உங்களுக்கு நடை மிச்சமெல்லே."

"எனக்கு நடை மிச்சப்படுத்தித் தரச்சொல்லி நான் உன்னட்டைக் கேட்டனானோ? கிழமை முழுக்க மிசினோடை கதைச்சுக்கொண்டு இருக்கிறன். சனிக்கிழமை ஒருநாள் மனிசரோடை கதைக்க வாறனான். அதையும் நிப்பாட்டிப் போட்டாய்."

மறுபடியும் சிரிப்பு. எனக்கு முகம் சுட்டது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனேன். வாலிபர் ஒன்றுகூடலுக்கு ஒரு பதாகை தைத்துத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அதைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். போன் உள்ளே தையல் மிசினுக்குப் பக்கத்தில் கிடந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் குழுவைப் பார்த்தேன். இரண்டு பேர் மட்டும் வரமுடியாது என்று போட்டிருந்தார்கள். பட்டியலைச் சரிசெய்து யோசுவா அண்ணைக்கு அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. நற்கருணை முடிந்ததும் ஒரு அப்பம் மிஞ்சியது. ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆராதனை முடிந்ததும் கேட்டார்:

"ஒண்டு மிஞ்சிப்போச்சு. ஆர் வரேல்லை?"

பெண்கள் பக்கம், மூன்றாவது வாங்கு, யன்னலோரம். வெறுமையாக இருந்ததை நான் பாட்டு நேரத்திலேயே கண்டுவிட்டேன். கண்டதும் என் மனதில் வந்தது கவலை அல்ல. 'கோவிச்சுக்கொண்டு வரேல்லை. இருக்கட்டும்.' அதுதான் வந்தது. சிறு சந்தோசமும் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"எண்ணேக்கை பிழைச்சிருக்கும் ஐயா" என்றேன்.

அது பொய். பலிபீடத்திலிருந்து பத்தடி தூரத்தில், நற்கருணை எடுத்த வாயால் சொன்ன பொய்.

மூன்று மணிக்கு வாலிபர் கூட்டம். பதாகை வரவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என் முதல் சாட்சியில், 'ஆண்டவர் என் உள்ளத்தில் பேசினார், எழுந்து போ என்றார்' என்று சொன்னேன். யாரும் பேசவில்லை. பதாகையை வாங்கவும், இரண்டு வார்த்தை சூடாகக் கேட்கவும் போனேன். அவ்வளவுதான்.

படலை உள்ளே கொக்கி போட்டுக் கொழுவியிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பிப் போக வெளிக்கிட்டேன். அப்போது பின்பக்கத்தில் வாளி உருண்டதுபோல ஒரு சத்தம். சுவரேறிக் குதித்தேன்.

கிணற்றுக் கட்டோடு ஒட்டிக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. வாளியைக் கையால் தட்டியது அவர்தான். என்னைக் கண்டதும் கேட்டார்:

"ஆராதனை முடிஞ்சுதோ?"

"ஓம் அன்ரி. கதையாதேங்கோ. அம்புலன்சுக்கு அடிக்கிறன்."

"நேற்று முழுக்கப் பாத்துக்கொண்டு கிடந்தனான் தம்பி. ஆறு மணிக்குப் பிறகு யோசுவா அண்ணை வருவார், மணி அடிப்பார், கத்துவம் எண்டு. ரெண்டு றெயில் போச்சுது. இருண்டு போச்சுது. அவர் வரேல்லை."

வலியில் அவருக்கு என் புதிய முறை மறந்துபோயிருந்தது. நின்றுபோன சைக்கிளுக்காக ஒரு மனுசி இடுப்பு முறிந்து காத்துக் கிடந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் நான் செய்த முதல் ஜெபத்தை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அது பத்மா அன்ரிக்காக அல்ல. 'ஆண்டவரே, உந்தப் பட்டியல் விசயம் ஒருத்தருக்கும் விளங்கக்கூடாது.' இதுதான் என் முதல் ஜெபம். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான், அவருக்குக் குழாயோடு மாட்டியிருந்த சிறுநீர்ப் பையில் ஒன்றும் இறங்கவில்லை என்று தாதி சொன்னபோதுதான், நான் தரையில் இருந்து அழுதேன். 'அவவை எடுத்துப் போடாதேயும். என்னை என்னெண்டாலும் செய்யும்.' அது இரண்டாவது.

அந்தக் கிழமை நீங்கள் ஜெபித்தீர்கள். செவ்வாய்க் கூட்டம் உபவாசக் கூட்டமானது. புதன் வீட்டு ஜெபத்தை ஆஸ்பத்திரிக்கு வெளியே, மதிலோரம், வேப்பமரத்தின் கீழ் நின்றபடி நடத்தினோம். அவருடைய அண்ணன்மாருக்கு ஐயா நேரே போய்ச் சொன்னார். மூத்தவர் வந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "உங்கடை ஆள்தானே, நீங்கள் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரை அன்றைக்கு வெறுத்தேன். பிறகு யோசித்தேன். அவர் பார்க்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நான் பட்டியலில் 'வருகிறார்' என்று எழுதிவிட்டுப் போய்ப் பார்க்காமல் இருந்தவன்.

ஐந்தாம் நாள் காலை சிறுநீர் இறங்கியது. வைத்தியரே சிரித்தார். "நாங்கள் இவ்வளவுக்கு எதிர்பார்க்கேல்லை" என்றார். அந்த நிமிடத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆண்டவர் கேட்டார். செத்துப்போக இருந்தவரை உயிரோடு தந்தார். இதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

ஆனால் சபையாரே, அவர் என் முதல் ஜெபத்தையும் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருவருக்கும் விளங்கவில்லை என்று நம்பினேன். ஒருவரும் கேட்கவில்லை. மாறாக, "தம்பி போயிராட்டி மனுசி முடிஞ்சிருக்கும்" என்றீர்கள். வாலிபர் சங்கம் பொன்னாடை போர்த்தியது. நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். பட்டியல் தொடர்ந்து நடந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்தவனுக்கு இப்படி ஒரு தண்டனை உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பத்மா அன்ரி வீடு திரும்பி ஒரு மாதம் கழித்துப் போனேன். இரண்டு தடி ஊன்றித்தான் நடக்கிறார். இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. தையல் மிசினைத் துணியால் மூடியிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மிஞ்சிய அப்பத்தை, வெறும் வாங்கை, என் சந்தோசத்தை, என் முதல் ஜெபத்தை.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"பட்டியல் விசயம் எனக்குத் தெரியும். யோசுவா அண்ணை ஆஸ்பத்திரியிலையே அழுதுபோட்டுச் சொன்னவர். அண்டைக்கும் நான் நற்கருணை எடுக்க வாறனெண்டு நீ எழுதினனி. ஆனால் அந்தச் சந்தோசம் எனக்குத் தெரியாது. அதை இப்பத்தான் சொல்லுறாய்."

"என்னை மன்னியுங்கோ அன்ரி."

"இப்ப மன்னிச்சன் எண்டு சொல்லமாட்டன். சொன்னால் வாற ஞாயிறு அதையும் ஒரு சாட்சியாக்கிப் போடுவாய். முதல்லை சொன்ன பொய்யைப் போய்த் திருத்து. பிறகு பாப்பம்."

தேத்தண்ணி தரவில்லை. படலைவரை எழுந்து வரவும் அவரால் முடியாது. நானே திறந்து, நானே சாத்திவிட்டு வந்தேன்.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் 'செய்து பாரும்' எண்டு சொன்னவன். எனக்கும் பங்கிருக்கு" என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே பட்டியலை அழித்தேன்.

யோசுவா அண்ணைக்கு இப்போது சைக்கிள் ஓட இயலாது. அதனால் சனிக்கிழமைகளில் அவர் கொப்பியோடு இருப்பார், ஆறு மணிக்குப் பிறகு வீடுகளுக்குப் போவது நான். பத்மா அன்ரி ஓட்டோவில் வருவார். என்னைத் தாண்டிப் போய் யோசுவா அண்ணையிடம் பெயர் கொடுப்பார். என்னோடு இன்னும் கதைப்பதில்லை. அவருடைய மன்னிப்புக்காக ஒவ்வொரு வெள்ளியும் ஜெபிக்கிறேன். பதில் வரவில்லை. வரும் என்று உங்களுக்கு உறுதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். மரணத்தின் வாயிலிருந்து அவரை எடுத்துத் தந்தவருக்கு நான் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. அந்த நன்றி கசக்கிறது. கசந்தாலும் அது நன்றிதான்.

உங்களில் யாராவது இப்போது ஆஸ்பத்திரி விறாந்தையில் நிற்கிறீர்களென்றால், நம்பிக் கேளுங்கள். அவர் கேட்கிறார். நீங்கள் வெட்கப்படும் ஜெபத்தையும் கேட்கிறார். ஆகையால் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள்.

வருகிற சனிக்கிழமை நாலு மணிக்குக் கோயில் திறந்திருக்கும். வாருங்கள், வந்து உங்கள் வாயால் பெயரைச் சொல்லுங்கள். கோபமாக இருந்தாலும் வாருங்கள். வர முடியாவிட்டால் ஆறு மணிக்குப் பிறகு நான் உங்கள் படலைக்கு வருவேன். நீங்கள் வெளியே வந்து என்னைத் திட்டும்வரை போகமாட்டேன்.