பேய்க்கு விடைகொடுத்த விதம்

எனக்கு எட்டு வயதா ஒன்பதா என்பது நிச்சயமில்லை. பெப்ரவரித் தொடக்கம் என்பது நிச்சயம். இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகள். அம்மாவின் தம்பி, என் மாமா, நடு லண்டனில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவினார். ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுச் சோபாதான் அவருடைய படுக்கை. அந்த வாரம் அவருடைய அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். நாட்டை விட்டு எப்போது அனுப்புவார்களோ என்று பெரியவர்கள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். எனக்கும் தம்பிக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உணவகத்தில் திருவிழா. குளிர்காலத்தை வழியனுப்பும் ஜப்பானிய வழக்கம் அது. ஒருவர் பேய் முகமூடி போட்டுக்கொள்வார். மற்றவர்கள் வறுத்த சோயாக் கொட்டைகளை எறிந்து அவரை வாசலுக்கு வெளியே விரட்டுவார்கள். வேலை செய்பவர்களின் குடும்பங்களையும் முதலாளியம்மா அழைத்திருந்தார்.

முதலில் சாப்பாடு. கடற்பாசி சுற்றிய நீளமான சோற்றுச் சுருள், ஆளுக்கொன்று. அந்த ஆண்டுக்குரிய நல்ல திசையைப் பார்த்து, மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டு, முடியும்வரை பேசாமல் சாப்பிட வேண்டும். அப்பாவுக்கு மரப்பெட்டிக்குள் ஒரு கிளாஸை வைத்து, அரிசி மதுவை வழிய வழிய ஊற்றினார்கள்.

"நான் இப்பிடி ஊத்தினா அண்டைக்கே வேலையால நிப்பாட்டிப் போடுவினம்," என்றார் மதுச்சாலையில் வேலை செய்த அப்பா. அவருடைய வேண்டுதல் அதோடு கெட்டது.

அம்மாவுக்கு அந்தப் புளிப்புச் சோறு பிடிக்காது. வீட்டில் வாய் ஓய்வதும் இல்லை. அன்றைக்குக் கடைசிப் பருக்கைவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு சமையலறைக் கதவு திறந்தது. சிவப்பு முகமும் கொம்புமாக மாமா உறுமிக்கொண்டு வந்தார். காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்து மாமாதான் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். "பேய் வெளியே, அதிர்ஷ்டம் உள்ளே" என்று கத்தச் சொல்லித்தந்தார் முதலாளியம்மா. மற்றப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கத்தினார்கள். மாமாவுக்கு ஆங்கிலம் குறைவு என்பதால், அவருக்கு விளங்கட்டும் என்று நானும் தம்பியும் தமிழில் கத்தினோம்.

"பேயே, வெளியால போ."

கைநிறைய அள்ளி எறிந்தோம். மாமா தலையைப் பொத்திக்கொண்டு வாசல்வரை பின்வாங்கினார். அப்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அப்பிடிச் சொல்லக் கூடாது. போட்டு வா எண்டு சொல்லு."

எங்கள் வீட்டில் பால் வாங்கப் போகிறவர்கூட 'போறன்' என்று சொல்வதில்லை; போய்த் திரும்பி வருவேன் என்று பொருள்படும்படி 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மரியாதை பேய்க்கும் உண்டென்பது எனக்குப் புதிது. "பேயே, போட்டு வா," என்று கத்தினோம். மாமா ஒரு கணம் நின்றார். முகமூடிக்குள் சிரித்தாரா என்று தெரியவில்லை. பிறகு தெருவுக்குப் போனார், கதவைச் சாத்தினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள்.

சற்று நேரத்தில் வெறும் சேர்ட்டோடு நின்று கண்ணாடியைத் தட்டினார்.

"அக்கா, குளிருது. திறவுங்கோ."

பேயை உடனே உள்ளே எடுக்கக் கூடாது என்று முதலாளியம்மா சிரித்தபடி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா போய்க் கதவைத் திறந்தார். முகமூடியைக் கழற்றி, மாமாவின் தலைமுடியில் சிக்கியிருந்த கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

திரும்பும் ரயிலில் மாமா அப்பாவின் தோளில் தூங்கிப்போனார். நான் அம்மாவின் காதில் சொன்னேன்.

"அம்மா, அப்பிடிச் சொன்னாப் பேய் திரும்பி வந்திடும்."

"வரட்டும்," என்றார் அம்மா.

அவ்வளவு கெட்டிக்கார அம்மாவுக்கு இந்தச் சின்ன விஷயம் விளங்கவில்லையே என்று ரெய்னர்ஸ் லேன் வரும்வரை எனக்குக் கவலையாக இருந்தது.