எதிர்க்குழி

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணை ஒருவரும் நானும் சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகருக்கு வெளியே உள்ள சிற்றூர் பார்களுக்குப் போவோம். அவர் குடித்துத் தள்ளாடும் வெறிகாரனாக நடிப்பார். நான் பில்லியர்ட் விளையாடத் தெரியாதவனாக நடிப்பேன். சிறிய பந்தயத்துக்கு இரண்டு ஆட்டம் தோற்பேன்; எதிராளி பந்தயத்தை ஏற்றியதும் மூன்றாவதை வெல்வேன்.

அன்றைய எதிராளி கூரை வேலை செய்யும் பருத்த மனிதர். மூன்றாவது ஆட்டத்துக்கு நூறு யூரோ வைத்தார். எங்களிடம் அவ்வளவு இல்லை. அண்ணை தள்ளாடிக்கொண்டே வெளியே போய், காரிலிருந்த என் சொந்தப் பில்லியர்ட் கோலை எடுத்து வந்து பந்தயமாக மேசையில் வைத்தார்.

“பயப்பிடாதை. நீ வெல்லத்தானே போறாய்,” என்று தமிழில் முணுமுணுத்தார்.

அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்த பின் முதற் சம்பளத்தில் வாங்கிய கோல் அது. ஆனாலும் நான் தடுக்கவில்லை. என் பந்துகள் எல்லாவற்றையும் போட்டு, கடைசியாக விழவேண்டிய எட்டாம் இலக்கக் கறுப்புப் பந்தைப் பக்கத்திலிருந்த குழியில் தள்ளினேன். பாரே சிரித்தது.

“இஞ்ச அப்பிடி இல்லை,” என்றார் கூரைக்காரர். “உன்ர கடைசிப் பந்து விழுந்த குழிக்கு எதிர்க்குழியிலதான் எட்டு விழவேணும்.”

சில ஊர்களில் அந்த விதி உண்டென்பது எனக்குத் தெரியும். விசாரித்தால் ஆட்டம் தெரிந்தவன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் கேட்காமல் விட்டிருந்தேன். கோல் அவர் கைக்குப் போனது.

அடுத்த சனிக்கிழமை அண்ணையையும் கூட்டிக்கொண்டு, நூறு யூரோவோடு போனேன்.

“என்ர கோலுக்கு ஒரு ஆட்டம்,” என்றேன்.

“காசு கனத்துப்போச்சோ?” என்று சிரித்துவிட்டு அவர் சம்மதித்தார்.

பாரின் தேய்ந்த கோலைத்தான் எடுத்தேன். நான் கரம் பலகையில் விளையாடி வளர்ந்தவன். அதில் இருந்த இடத்தைவிட்டு எழும்பக் கூடாது. நாலு மூலையையும் ஒரே இடத்திலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும். நடிக்கும் நாட்களில் தெரியாதவர்களைப்போல மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். அன்று நடக்கவில்லை.

“போன கிழமை ஊர்வலம் போனாய். இண்டைக்குக் கால் நோகுதோ?” என்றார் பாரை நடத்தும் பெண். அவருக்கு விளங்கிவிட்டது.

எனக்கு ஒரு பந்துதான் மீதி. நடுக்குழியில் அதைச் சுலபமாகப் போடலாம். ஆனால் எட்டு என் வலக்கை மூலையோரம் கிடந்தது. அந்த மூலை எதிர்க்குழியாக வேண்டுமென்றால், கடைசிப் பந்து தூரத்து இடது மூலையில் விழவேண்டும். மேசையின் முழு நீளத்துக்கும் அடிக்க வேண்டிய அடி. கோல் நுனியில் சோக்கைப் பூசினேன், அடித்தேன். பந்து மெதுவாகப் போய் விழுந்தது. பிறகு எட்டை ஒரு தட்டு.

ஒருவரும் சிரிக்கவில்லை.

“போன கிழமை எங்களைப் பேய்க்காட்டினனீ, என்ன?” என்றார் கூரைக்காரர்.

“ஓம். முதல் ரெண்டு ஆட்டமும்.”

அவர் கோலைக் கொண்டுவந்து தந்தார். நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்.

“இனி இந்த ஊரில உன்னோட ஒருத்தரும் காசு வைக்க மாட்டினம்,” என்றார் அந்தப் பெண். “சும்மா விளையாட வாறதெண்டால் வா.”

வெளியே அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். “நல்ல ஊர் ஒண்டைக் கெடுத்துப்போட்டாய்! சரி, கோலைத் தா, டிக்கிக்குள்ள வைப்பம்.”

“ஏலாது அண்ணை. நீங்கள் காரை ஓட்டுங்கோ,” என்று சொல்லி, கோலை மடியில் வைத்துக்கொண்டேன்.