நீல அடுப்புக்குப் பத்தடி தூரம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்தில் ஆறு அடுப்புகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறம் பூசிய தகடு தொங்கும். வார்டிலிருந்து வரும் சீட்டு எந்த நிறமோ, அந்த அடுப்பில்தான் அந்த நோயாளியின் சாப்பாடு வேகும். மஞ்சள் என்றால் இதயம், நீலம் என்றால் சிறுநீரகம், பச்சை என்றால் சர்க்கரை. மஞ்சள் அடுப்பில் பத்தொன்பது வருஷமாக நிற்பவள், டாக்டர்கள் முதல் தட்டு கழுவுகிறவர்கள் வரை எல்லோருக்கும் மஞ்சளக்கா.

உப்பில்லாமல் சமைப்பதில் மஞ்சளக்காவுக்கு ஒரு திமிர் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, அதற்குத் தகுந்த கையும் உண்டு. வெங்காயத்தை எந்த நிறத்தில் இறக்க வேண்டும், எலுமிச்சையை எப்போது பிழிய வேண்டும், பூண்டை எவ்வளவு பொசுக்கலாம் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. அதற்கும் மேல் போதாத நாளில் வெள்ளை டப்பாவில் மாற்று உப்பு இருக்கும். பார்க்க உப்பு மாதிரி, நாக்குக்கும் கிட்டத்தட்ட உப்பு மாதிரி. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொன்னவன் என் கையால சாப்பிட்டதில்ல" என்பாள்.

நீல அடுப்பு அவளுடைய அடுப்பிலிருந்து பத்தடி தூரம். அங்கே நிற்பவளும் இவளும் பேசி ஏழு வருஷமாகிறது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு நீளக் கரண்டி. இவளுடைய கரண்டியை அவள் கேட்காமல் எடுத்தாள், இவள் கேட்டாள், அவள் "உங்கப்பன் வீட்டுக் கரண்டியா?" என்றாள். அவ்வளவுதான். ஏழு வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒரே ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் ஊமைகளாக இருந்தார்கள். நல்ல ஜோடிதான்.

மஞ்சளக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தவர். முப்பத்தொரு வருஷம் தெருத் தெருவாகப் போய், குனிந்து குனிந்து, மீட்டரில் தெரிந்த எண்ணை நோட்டில் எழுதினார். தெருக்காரர்களுக்கு அவர் மீட்டர்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைக்கிற தடித்தடியான கதைப் புத்தகங்களை வாங்கி வருவார். எந்தப் பக்கம் படிக்கும்போது என்ன சாப்பிட்டாரோ, அதை அந்தப் பக்கத்து ஓரத்திலேயே பென்சிலால் எழுதி மார்க் போடுவார். மீன் வறுவல் 8. பீன்ஸ் 6, முற்றல். முட்டை 9. பத்து மட்டும் யாருக்கும் போட்டதில்லை. "பத்து போட்டா நாளைக்கு எதுக்குச் சமைப்ப?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைப் பகல்தான் அந்த வீட்டின் சந்தோஷம். அவள் காய் நறுக்குவாள், அவர் சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படிப்பார். கொலைக் கதை என்றால் இரண்டு பேருக்கும் உயிர். போலீஸ்காரருக்கு ஒரு குரல், பணக்காரக் கிழவிக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் படிப்பார். பத்தாவது பக்கத்திலேயே அவள் கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். அதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது.

"தட்டுல பாதியை வெச்சுட்டு எழுந்தவன் எவனோ அவன்தான். மனசுல பாரம் இருந்தா தொண்டைக்குள்ள இறங்காது."

முக்கால்வாசி நேரம் அது தப்பாகத்தான் போகும். ஆனாலும் அந்த வீட்டில் அது சட்டமாகிவிட்டது. மகள் சின்ன வயதில் சாப்பாட்டை மிச்சம் வைத்தால் மீட்டர்காரர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "யாரைப் போட்டுத் தள்ளின?" என்று கேட்பார். மகளும் சிரித்துக்கொண்டே தட்டைக் காலி செய்துவிடுவாள். கல்யாணமாகி ஆறு மணி நேரப் பஸ் பயணத் தூரத்துக்குப் போன பிறகும், வந்தால் தட்டில் ஒரு பருக்கை விட மாட்டாள்.

பிறகு மீட்டர்காரரின் சிறுநீரகம் கெட்டது. கால்வாசிதான் வேலை செய்கிறது என்றார்கள். உப்பை நிறுத்தச் சொன்னார்கள். உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீர் கொட்டி வேகவைக்கச் சொன்னார்கள். மஞ்சளக்கா அசரவில்லை. உப்பில்லாச் சமையலை எனக்கா சொல்லித் தருகிறாய் என்கிற நினைப்புதான். ஆனால் வேகவைத்த தண்ணீரோடு ருசியும் போய்விட்டது, தக்காளியும் கூடாது, எலுமிச்சையும் அளவுதான். புத்தக ஓரத்தில் மார்க் சரிந்தது. நாலு, மூன்று, இரண்டு. ஒரு நாள் உருளைக்கிழங்குக்கு ஒன்று போட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம். இடாதவளை என்ன செய்ய?"

அதைப் படித்துவிட்டு அவர் எதிரில் சிரித்தாள். பாத்திரம் கழுவும்போது அழுதாள். தினமும் இருநூறு நோயாளிகளுக்கு வாய்க்கு ருசியாகப் போடுகிறவளுக்கு வீட்டில் ஒரே ஒரு வாயைத் திருப்திப்படுத்த முடியவில்லை. அவர் மெலிந்துகொண்டே போனார். பசியே இல்லை என்றார். படிக்கிற குரலும் சுருங்கிவிட்டது, போலீஸ்காரரும் கிழவியும் ஒரே மாதிரி பேசினார்கள்.

அப்போதுதான் மகள் வந்தாள், கையில் ஒரு பாக்கெட்டோடு.

"பெரிய கடையில பாத்தேம்மா. சோடியம் இல்லாத உப்பாம். அப்பாவுக்குப் போடலாமா? எதுக்கும் உங்க ஆஸ்பத்திரியில கேட்டுட்டுப் போடு."

மஞ்சளக்கா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். அதே மாற்று உப்பு, வேறு உறை. ஆஸ்பத்திரிச் சாமானில் ஒரு சிட்டிகைகூட வீட்டுக்கு எடுத்து வராதவள் அவள். இது கடையிலேயே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"யார்கிட்ட கேக்கச் சொல்ற? பத்தொன்பது வருஷமா இதைத்தான் போடுறேன். ஒரு ஆளுக்கு ஒண்ணு ஆனதில்ல."

உண்மைதான். மஞ்சள் சீட்டுக்காரர்கள் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நீலச் சீட்டுக்காரர்களுக்கு ஆகுமா என்பதை நீல அடுப்பில் கேட்க வேண்டும். பத்தடி தூரம்தான். அந்த வாரம் முழுவதும் அந்தப் பத்தடியை அவள் கடக்கவில்லை. அவளிடம் போய் நான் கேட்பதா என்று ஒரு நொடி நினைத்தாள், அந்த நினைப்பை அப்படியே தள்ளிவிட்டாள்.

மகள் ஊருக்குத் திரும்பிய அன்றே மதியம் உருளைக்கிழங்குக்கு மீட்டர்காரர் ஏழு போட்டார். மறுநாள் எட்டு. ஒரு கப்பல் கதை படித்துக்கொண்டிருந்தார். மாலுமிக்கு ஒரு குரல், திருடனுக்கு ஒரு குரல் என்று பழையபடி வீடு நிறைந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பத்தாம் நாள் கால் துவளுகிறது என்றார். வயசாச்சுல்ல என்று இவள் தைலம் தேய்த்துவிட்டாள். பன்னிரண்டாம் நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் குழாயடியில் விழுந்தார். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

கையில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்த சின்ன டாக்டரம்மாவுக்கு மஞ்சளக்காவைத் தெரியும். தினமும் அவள் சமையலைச் சாப்பிடுகிறவள்தான்.

"பொட்டாசியம் இவ்வளவு ஏறியிருக்கேக்கா. பழம், ஜூஸ் ஏதாவது நிறையக் குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கலையே. மாற்று உப்பு மட்டும் போட்டேன். நம்ம டப்பாவுல இருக்குமே, அதே உப்பு."

டாக்டரம்மா தாளை மடித்துக்கொண்டு, "அது முழுக்கப் பொட்டாசியம்க்கா. இதயக்காரங்களுக்குப் பார்த்துக் குடுக்கலாம். கிட்னி போனவங்க உடம்பு அதை வெளியே தள்ளாது" என்றாள். "நீங்க வேணும்னு செய்யல" என்றும் சொன்னாள். மகள் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இதயம் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும் என்று மஞ்சளக்கா கேட்டுக்கொண்டாள். அதுவும் உண்மைதானே என்று டாக்டரம்மா தலையசைத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனாள். சட்டியை ஏற்றாமல் நேராக நீல அடுப்புக்குப் போனாள். பத்தடிதான், எண்ணிக்கொண்டே நடந்தாள். சுவரில் நீல அடுப்பின் அட்டவணை ஒட்டியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தாள், நாலாவது வரி: "மாற்று உப்பு எந்தக் காரணத்துக்கும் கூடாது." வார்னிஷ் அடித்த மாதிரி பளபளத்தது அந்த வரி. ஏழு வருஷமாக அது அங்கேயே ஒட்டியிருந்தது.

"என்ன வேணும்?" என்றாள் நீல அடுப்புக்காரி. பிறகு இவள் முகத்தைப் பார்த்து, குரலை இறக்கி, "கேள்விப்பட்டேன். சாப்டியா?" என்றாள்.

மஞ்சளக்கா பதில் சொல்லாமல் தன் அடுப்புக்குத் திரும்பினாள். வீம்பினால் இல்லை. வாயைத் திறந்தால் சொல்லிவிடுவாள், அதனால்தான்.

தான் செய்ததை அவள் தாங்கிக்கொள்வாள், அல்லது தாங்காமல் போவாள், அது அவள் பாடு. மகளுக்குத் தெரியக் கூடாது. ஆசையாக ஒரு பாக்கெட் வாங்கி வந்த பெண் ஆயுசுக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. மீதி உப்பைச் சாக்கடையில் கொட்டினாள். ஆனால் அந்தக் கப்பல் கதைப் புத்தகம் இருந்ததே, அதன் ஓரத்தில் அந்தப் பதினோரு நாள் மார்க்கும் இருந்தது. கிழிக்க மனம் வரவில்லை. புத்தகத்தில் ஒரு முனை மடங்கினாலே சண்டைக்கு வருகிற மனிதர் அவர். அலமாரியின் மேல் தட்டில், பெரிய குண்டானுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மூன்றாம் மாதம் மகள் அப்பாவின் புத்தகங்களை எடுத்துப் போக வந்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டி மார்க்குகளைப் படித்துச் சிரித்தாள், நடுநடுவே மூக்கை உறிஞ்சினாள். மத்தியானம் மீன் வறுத்து, உருளைக்கிழங்கு செய்து, மஞ்சளக்கா தட்டுகளை வைத்தாள். "பெரிய குண்டான்ல தண்ணி பிடிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே மகள் முக்காலியில் ஏறிவிட்டாள். தடுக்க நேரமில்லை.

"இது ஏன் இங்க இருக்கு?"

சாப்பிட உட்கார்ந்தும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் புரட்டினாள், அப்படியே அப்பாவைப் போல.

"அம்மா, இதைக் கேளேன். 'மகள் வாங்கி வந்த உப்பு. உருளைக்கிழங்கு 7. நாக்குக்கு உயிர் வந்தது.' அப்புறம் 8. இன்னொரு 8. கடைசி நாளைக்கு முந்தின நாள் 9 போட்டிருக்கார்மா. 'இனி பிழைத்துக்கொள்வேன்' னு எழுதியிருக்கார்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் இருந்தது.

"போற காலத்துல வாய்க்கு ருசியா சாப்பிட்டார், அது போதும்மா எனக்கு. எதிர்வீட்டு மாமாவுக்கும் கிட்னிதான், வாரத்துக்கு ரெண்டு தடவை மிஷின்ல போட்டு எடுக்கறாங்க. சாப்பாட்டைப் பாத்தாலே அழறார். ஊருக்குப் போனதும் அவங்களுக்கு ரெண்டு பாக்கெட் வாங்கித் தரப் போறேன்."

மஞ்சளக்காவின் கை தட்டிலேயே நின்றது. சும்மா இருந்தால் மகள் பிழைப்பாள், முகம் தெரியாத ஒரு மனிதர் போய்விடுவார். பிறகு அந்த வீட்டு டாக்டரும் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சாப்பிட்டார் என்று கேட்பார்.

"வாங்காத" என்றாள்.

"ஏன்?"

"அது கிட்னிக்காரங்களுக்கு ஆகாது. அதுல இருக்கறது பொட்டாசியம். உயிருக்கே ஆபத்து."

மகளின் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தாள். அடுத்த கேள்வி அவள் உதட்டுக்கு வருவதற்குள் முந்திக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்கு நான் அதைப் போடவே இல்ல. பாக்கெட்டைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு, பத்தொன்பது வருஷம் அடுப்புல நிக்கறவளுக்குத் தெரியாதா? நீ அந்தாண்ட போனதும் கொட்டிட்டேன். ஆசையா வாங்கிட்டு வந்தியேன்னு உன்கிட்ட சொல்லல."

"அப்ப இந்த ஏழு, எட்டு எல்லாம்?"

"சாதா உப்பு. நான்தான் போட்டேன். அவர்கிட்ட நீ வாங்கிட்டு வந்ததுன்னு சொன்னேன்."

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"உப்பு போடக் கூடாதுன்னு தெரியும்தானே உனக்கு. தெரிஞ்சுமா போட்ட?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"ஏம்மா?"

"ஒண்ணும் ரெண்டுமா மார்க் போட்டாரே. தாங்கல."

இதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மகள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. புத்தகத்தை மூடி மேசை ஓரத்தில் வைத்தாள். "சாயங்கால பஸ்ஸுக்கே போயிடறேன்" என்று, தெருவில் வழி கேட்கிறவர்களிடம் சொல்கிற குரலில் சொன்னாள். எழுந்து போய்க் கை கழுவினாள். உள்ளறையில் அட்டைப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

அவள் தட்டில் மீன் அப்படியே இருந்தது. உருளைக்கிழங்கு பாதி. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் மிச்சம் வைத்தது இதுதான் முதல் தடவை.

மஞ்சளக்கா அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். இறங்கவில்லை, தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினாள். மகளின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மீனை முள் எடுத்துச் சாப்பிட்டாள், ஆறிப்போன உருளைக்கிழங்கையும் சாப்பிட்டாள், ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துச் சாப்பிட்டாள். இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் மகளை வழியனுப்ப எழுந்து போனாள்.