செருப்பில் தூசி இல்லாத சேதி

இன்டர்நெட் வயருக்குள் இருக்கும் எட்டு இழைகளையும் விரித்து, ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நகத்தால் நீவி நேராக்குகின்றன அந்தக் கைகள். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று உதடு வரிசை சொல்கிறது. கத்தரியால் ஒரே வெட்டு. நுனிகளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால் பழுப்பு மட்டும் ஒரு மயிரிழை நீண்டிருக்கிறது. மறுபடி வெட்டு.

"ஏனுங்க அம்மிணி, மணி பத்தே முக்காலாச்சுங்க" என்று பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கெஞ்சுகிறது.

"அம்புட்டு அவசரம்னா பல்லுல கடிச்சுக் குடுக்கவா அண்ணே?"

கைகளுக்குச் சொந்தக்காரர் அன்புக்கரசி. ஆத்தூர்க்காரர், வயது நாற்பத்தாறு. கேபிள் டிவி ஆபீஸில் புகார் போன் எடுக்கும் வேலையில் சேர்ந்தவர். லைன்மேன் வரும்வரை திட்டு வாங்குவதைவிடத் தானே போய்ப் பார்ப்பது மேல் என்று ஏணி ஏறியவர், அப்படியே கம்ப்யூட்டர் இணைப்புக்கு வந்துவிட்டார். திண்டுக்கல் முதல் ஒட்டன்சத்திரம் வரை அவருடைய ஸ்கூட்டர் நிற்காத தெரு குறைவு. டிபன் கேரியரின் மேலடுக்கில் தயிர் சாதம், கீழடுக்கில் வயர் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் கனெக்டர்கள். ஒருமுறை சாதத்துக்குள் ஒரு கனெக்டர் அகப்பட்டது. கழுவிக் காயவைத்துப் பொருத்தினார். கன்னிவாடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அது இன்னும் உழைக்கிறதாம்.

அவரிடம் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. வயரின் ஒரு முனையை நீட்டுமுன், "ஆள் இருக்கா?" என்று கேட்பார். மறுமுனையில் இருப்பவர் "இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. எதிரிலேயே நின்றாலும் இதே சட்டம்தான்.

இன்றைய வேலை ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில். முருங்கைக்காய் வியாபாரி முத்துச்சாமியும் தக்காளி வியாபாரி பழனிக்குமாரும் அண்ணன் தம்பிகள். தராசை யார் பக்கம் வைப்பது என்று தொடங்கிய பேச்சு, கடைக்கு நடுவே பிளைவுட் தடுப்பாக முடிந்தது. ஒரு வருடமாக முகம் பார்ப்பதில்லை. இன்டர்நெட் மட்டும் காலமான அப்பாவின் பெயரில் ஒரே இணைப்பாக இருக்கிறது. ரவுட்டர் தம்பி பக்கம். அண்ணன் காற்றில் வரும் வைஃபையைப் பிடித்துக்கொள்கிறார்.

பத்து நாளாக முத்துச்சாமி திருச்சூர்க்காரருக்கு வீடியோவில் காய் காட்டும்போதெல்லாம் இணைப்பு அறுந்தது. இருபது வருட வாடிக்கை அது. "இன்று பதினொன்றுக்கும் முகம் தெரியாவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொல்லிவிட்டார்.

காலையிலேயே வந்த அன்புக்கரசி முருங்கை மூட்டைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். போனும் கம்ப்யூட்டரும் இணைப்பில் அனுப்பிக்கொள்ளும் சேதிகளெல்லாம் அதில் வரிவரியாக ஓடும். முத்துச்சாமியைத் திருச்சூர்க்காரரோடு வீடியோவில் பேசிப் பார்க்கச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் அறுந்தது.

"இந்தா, 'ஆள் இல்லை, இணைப்பை முடிச்சுக்க'ன்னு திருச்சூர்ல இருந்து ஒரு சேதி வந்திருக்கு. போன் யாரு எவருன்னு விசாரிக்காது அண்ணே. ஆள் இல்லைன்னதும் வச்சிரும்."

"அவரு வீடியோவுல என் மொகத்துக்கு எதுக்கால இருந்தாருங்களே!"

"அவர் அனுப்பலை. திருச்சூர்ச் சேதி வழியில பதினோரு இடம் தாண்டி வரும், தாண்டுன கணக்கு அதுமேலயே இருக்கும். இது ஒரு இடமும் தாண்டலை. திருச்சூர்ல இருந்து நடந்தே வந்தேங்கிறான், செருப்புல தூசியக் காணோம். பக்கத்துல இருந்துக்கிட்டு எவனோ அவர் பேர்ல பொய் சொல்றான்."

தடுப்பைச் சுற்றித் தம்பியின் பக்கம் போனார். சாமி படத்துக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, விளக்குக் கண் சிமிட்டிக்கொண்டு இருந்தது. குங்குமப் பொட்டும் வைத்திருந்தது.

"அது ஸ்பீடு பெட்டிங்கக்கா" என்றார் பழனிக்குமார். "மத்தவங்கள லைன்ல இருந்து தள்ளி உட்டுட்டு நமக்கு வேகம் குடுக்கும்னு செல்போன் கடையில சொன்னாங்க."

"மத்தவங்கன்னா யாரு?"

"ஊர்ல இருக்கறவங்கன்னு நெனச்சனுங்க."

"இந்த லைன்ல இருக்கிற ஊரு, உங்கண்ணன் ஒருத்தருதான்."

பழனிக்குமார் தலையைச் சொறிந்தார். "ஆனா எனக்கும் பத்து நாளா அறுந்து அறுந்துதானுங்க போகுது."

பெட்டியைப் பிடுங்கிய பிறகும் பழனிக்குமாரின் போனுக்குப் பொய்ச் சேதிகள் வருவது நிற்கவில்லை. அன்புக்கரசி திரும்பி வந்து முத்துச்சாமியை ஒரு பார்வை பார்த்தார். அவர் மெல்ல மேசை இழுப்பறையைத் திறந்தார். அதே பெட்டி. இதில் பொட்டோடு எலுமிச்சம்பழமும் கூட இருந்தது.

"அதே செல்போன் கடையா அண்ணே?"

"அதே கடைதானுங்க."

"ரெண்டு கை தூரத்துல உக்காந்துக்கிட்டு, பத்து நாளா ஒருத்தர ஒருத்தர் ஆள் இல்லை, ஆள் இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கீங்க. நல்ல குடும்பம்!"

பெட்டிகள் இரண்டும் டிபன் கேரியரின் கீழடுக்குக்குள் போயின. ரவுட்டரில் வேகத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார். அண்ணன் இனிக் காற்றை நம்ப வேண்டாம், வயரே இழுத்துவிடலாம் என்று தடுப்பில் ஒரு துளை போட்டார். அந்த வயரின் கடைசி முனைதான் இப்போது அவர் கையில் இருக்கிறது.

கனெக்டர் 'டக்' என்று கடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பதினொன்றுக்கு மூன்று நிமிடம். வயரைத் துளைவரை கொண்டுபோனவர், நின்று, அதைப் பழனிக்குமாரின் கையில் வைத்தார்.

"நீங்க குடுங்க. கேட்டுட்டுக் குடுங்க. இல்லைன்னா நான் மாட்ட மாட்டேன்."

பழனிக்குமார் வயரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு துளையிடம் குனிந்தார்.

"ஆள் இருக்கறீங்களாண்ணா?"

அந்தப் பக்கம் மூட்டை நகரும் சத்தம்.

"இருக்கறேன்டா. குடு."

துளையில் இரண்டு விரல்கள் தெரிந்தன. பழனிக்குமார் நீல வயரின் முனையை அவற்றுக்கிடையில் வைத்து, அவை இறுகப் பிடித்துக்கொண்ட பிறகே கையை எடுத்தார்.