மீந்துபோன பவுடர்

போன செவ்வாய்க்கிழமை, தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரி. என் கையில் ஒரு லேப் ரிப்போர்ட். பத்துப் பன்னிரண்டு ஆன்டிபயாடிக் பெயர்கள். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே 'ரெசிஸ்டன்ட்' என்று இருந்தது. அதாவது, அந்த மருந்துகளுக்கெல்லாம் கிருமி மசியாது.

ரிப்போர்ட் பழனிவேலுடையது. திருவெள்ளறையில் நெல் போடுகிறார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பல வருடமாக அவர் வயல் அரிசிதான். சர்க்கரை வியாதி உண்டு. மண்வெட்டி பட்டு வலது கால் கட்டைவிரலில் சின்னக் காயம்; மூன்று வாரமாகியும் ஆறவில்லை.

"புண்ணுக்கு என்ன போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

பழனிவேல் என்னைப் பார்த்தார். அவர் மனைவி செல்வி தலையைக் குனிந்துகொண்டார்.

"நெல்லுக்கு அடிக்கிற பவுடருங்க. ஆன்டிபயாடிக்குன்னு சொன்னாங்க. கொஞ்சம் மீதி கிடந்துச்சு. பயிருக்குக் கேட்டுச்சே, காலுக்குக் கேட்காதான்னு தூவிட்டேன்..."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன மனுஷனய்யா இவர்? பிறகுதான் சுருக்கென்றது. அந்தப் பவுடரை வாங்கிக் கொடுத்தது யார்? நான்தான்.

போன மாதம் அவர் வயலில் பாக்டீரியாக் கருகல். இலை நுனியிலிருந்து வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டே வந்தது. டவுனில் மருந்து வாங்கி வரச் சொல்லி எனக்குப் போன் செய்தார். அவர் வயலுக்கு ஒரு பாக்கெட் போதும் என்றார் கடைக்காரர். "எதுக்கும் இருக்கட்டும், நாலா குடுங்க" என்றேன். என் பெரிய மனுஷத்தனம்.

நாலையும் பிரித்து, கடைசிக் கொஞ்சம் தவிர எல்லாவற்றையும் அடித்தார் — நோய் வந்த வயலுக்கு, வராத வயலுக்கு, கருகல் அடங்கிய பிறகும் வாராவாரம். மிச்சம்தான் காலுக்கு.

என் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? காய்ச்சல் விட்டதும் பாதி ஆன்டிபயாடிக் ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடித்து, எதிர்வீட்டுக்காரர் இருமினால் தானம் செய்கிற ஆள் நான்.

"வயல்ல அத்தனை அடிச்சதாலதான் கிருமி இப்படி மசியாம ஆச்சாங்க?" என்று கேட்டார் செல்வி.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியல. ஆனா விரலை எடுத்துடணும். விட்டா பாதத்துக்கு ஏறிடும்" என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் இல்லாமல் சேற்றில் எப்படி ஊன்றி நிற்பார்?

நேற்று பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கீழ வயல்ல திரும்பக் கருகல் வந்திருக்குங்க சார். மச்சான் மருந்து அடிச்சுப் பார்த்தாராம், போன தடவை மாதிரி கேட்கலையாம். எதுக்கும் ரெண்டு பாக்கெட் கூடுதலா வாங்கிட்டு வர்றீங்களா?"

அன்று கடையில் நாலு பாக்கெட் கேட்ட என் அதே வாய்தான். 'வேணாங்க' என்ற ஒரு சொல் அதில் வரவில்லை.